நீர் மாத்திரை: கல்லைத் தடுக்குமா, வளர்க்குமா?

அரியாங்குப்பம்:

கிட்னியில் கல் வந்து துடித்தவர்களுக்கு, அது வெளியே விழுந்த பிறகும் நிம்மதி இல்லை. "மறுபடியும் வருமோ?" என்ற பயம்தான். கடலுக்குப் போகிறவர்கள், கொத்தனார், சித்தாள் என்று வெயிலில் வியர்வை சிந்தும் ஜனங்கள் நிறைந்த ஊர் இது. வியர்வை கூடினால் சிறுநீர் கெட்டியாகும். கல் சேரும்.

இதைத் தடுக்க "நீர் மாத்திரை" உண்டு என்று யாராவது சொன்னதும், கடலூர் ரோட்டு மருந்துக்கடையில் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கத் தோன்றும். ஆபத்தே அங்கேதான்!

ஒரே பேர், எதிரெதிர் வேலை

ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை, சிறுநீரில் இறங்கும் கால்சியத்தைக் குறைக்கும். கால்வீக்கம் வடியக் கொடுக்கிற லேசிக்ஸும் நீர் மாத்திரைதான். ஆனால் அது கால்சியத்தைச் சிறுநீருக்குள் கூடுதலாகத் தள்ளும். கல்லுக்குப் பயந்து இதை விழுங்கினால், கல்லுக்குச் சோறு போட்டு வளர்த்த கதைதான். (இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீங்க. அது வேறு விஷயம்.)

சுவிஸ் சோதனை

சரி, முதல் மாத்திரையாவது கைகொடுக்குமா? பல வருஷமாக டாக்டர்கள் நம்பிக் கொடுத்து வந்த மருந்து அது. 2023 மார்ச்சில் வெளியான சுவிட்சர்லாந்து ஆராய்ச்சி அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. அடிக்கடி கால்சியம் கல் வந்த 416 பேரைச் சுமார் 3 வருஷம் கவனித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 59 பேருக்குக் கல் திரும்பியது. தினம் 50 மில்லிகிராம் மருந்து சாப்பிட்டவர்களில் 49 பேர். நிச்சயமான பலன் என்று சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை. பொட்டாசியம் குறைவு, மூட்டைத் தாக்கும் கவுட், புதிதாகச் சர்க்கரை வியாதி ஆகியவை மருந்து சாப்பிட்டவர்களிடமே அதிகம்.

அத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் உப்பைக் குறைக்கவில்லையே என்று கேட்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் ஏறும், மாத்திரை வீண். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் கவனிக்கணும்.

தண்ணீர் விஷயத்தில் தகராறு இல்லை. 1996-ல் வெளியான இத்தாலி ஆராய்ச்சியில், 5 வருஷம் தாராளமாகத் தண்ணீர் குடித்தவர்களில் 100-க்கு 12 பேருக்கே கல் திரும்பியது. மற்றவர்களில் 27. தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்கணும். இதயம், கிட்னி பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடிக்கணும்.

மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்ய, ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்த சிறுநீரைச் சோதிக்க வேண்டும். விழுந்த கல்லையும் வீசிவிடாமல், காகிதத்தில் மடித்து டாக்டரிடம் காட்டுங்க. அது யூரிக் அமிலக் கல் என்றால் இந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.