ஒப்புக்கொண்ட கம்பெனி
தவறு தம்முடையதன்று என்று தெரிந்தவுடன் கதவைச் சாத்திக்கொள்வது வியாபாரிகளின் வழக்கம். உபாத்தியாயர்களாகிய நாமும் அதற்கு விலக்கல்ல. 1982-ம் வருஷம் அமெரிக்காவில் சிக்காகோ வட்டாரத்தில் 7 பேர் 'டைலெனால்' என்ற வலி நிவாரணக் குளிகையை விழுங்கி மாண்டனர். கடையிலிருந்த புட்டிகளில் யாரோ ஒரு பாதகன் ஸயனைடைப் புகுத்தியிருந்தான். ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியார் ஜனங்களைத் தாங்களே எச்சரித்து, தேசமெங்கும் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றனர். நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல். அதைவிட நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஆலையில் ஸயனைடே கிடையாதென்று முதலில் சொன்னவர்கள், பரிசோதனைச் சாலையில் சிறிது இருப்பதை அறிந்ததும் அதையும் பத்திரிகை நிருபர்களிடம் ஒப்புக்கொண்டனர். அவ்வருஷக் கடைசிக்குள் மருந்து மூன்று முத்திரைகளுடன் கடைக்குத் திரும்பிற்று. விஷமிட்டவன் யாரென்று இன்றளவும் நிரூபணமாகவில்லை.