பார்க்காமல் இடும் கையொப்பம்





நம் கணியூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்து இறங்குவது வாடிக்கையாகிவிட்டது. 32 அங்குலத்திற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். தொலைக்காட்சி கூடுமா, கூடாதா என்ற பழைய விவாதத்தை நான் இங்கே தொடரப்போவதில்லை. வாங்கிவிட்டீர்கள், பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த தம்பி அவசரப்படுகிறார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ்க் கையொப்பம் இடுகிறீர்கள். பெட்டியோ இன்னும் பிரிக்கப்படவில்லை. நல்ல நிலையை எந்தக் கண்ணால் கண்டீர்கள்?

இது அற்பக் காரியமன்று. காணாததைக் கண்டதாக எழுதிக் கொடுப்பது ஒரு சாட்சியம். நாளை திரையில் விரிசல் தென்பட்டால், விற்றவர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் கையொப்பத்தைத்தான். அப்போது "நான் பார்க்கவே இல்லை" என்பீர்கள். இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்கமுடியும்?

"பிரித்துப் பார்ப்பது பிறர்மீது தவறான எண்ணம் கொள்வதல்லவா? நஸீபில் உள்ளதுதானே நடக்கும்?" என்று சிலர் பேணுதலோடு கேட்கிறார்கள். இப்பேணுதல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் தமது கரத்தையே நுழைத்துப் பார்த்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அல்லாஹ்வின் தூதரே கைவிட்டுப் பார்த்திருக்க, நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் மிகத் தெளிவானவை. காணாமல் வாங்கியவர், பொருளைக் கண்டதும் ஏற்கவோ மறுக்கவோ ஹனஃபி மத்ஹபு உரிமை தருகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து இன்னும் கண்டிப்பானது: குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமல் விற்பதே செல்லாது. விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமையை, அதாவது கியாருல் ஐபை, நான்கு மத்ஹபுகளும் ஏற்கின்றன. ஆனால் குறையை அறிந்த பின்னும் அப்பொருளைத் தன் உடைமையாகவே அனுபவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். ஓரத்தில் கோடு விழுவதை முதல் நாளே கண்டுவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு மாதம் ஓட்டுபவர்கள் கவனிக்க.

பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையருகே நின்று வேலை பார்க்கும் நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஊசித் துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே மடிக்க அனுப்புகிறார்கள். கடல் கடந்து எவரோ அணியப்போகும் பனியனுக்கு இவ்வளவு சோதனை. அதே சகோதரி மாதக் கணக்கில் சேர்த்த கூலியில் வாங்கும் பெட்டிக்கு ஒரு நிமிடச் சோதனையும் இல்லை!

2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலப் பெட்டி. தடித்த கண்ணாடிக் குழாய். ஒருவரே தூக்கி வருவார். இன்றைய 55 அங்குலத் திரை அப்படியன்று. படுக்கவைத்து ஏற்றினாலோ, நடுவில் விரல் அழுந்தினாலோ உள்ளே உடையும். வெளியே கீறலே தெரியாது. உடைந்த திரைக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. ஆகவே அட்டையில் நசுங்கலும் துளையும் உண்டா என்று முதலில் பாருங்கள். மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். இருவராக விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன்பே மின்னிணைப்புக் கொடுத்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே நிறத்தைத் திரை முழுதும் வரவழைத்துப் பார்த்தால் செத்த புள்ளியும் கோடும் தாமே தெரியும். தம் பணியாளர் வரும்வரை பிரிக்கக் கூடாதெனச் சில நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கின்றன. அப்படியானால் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியே கையொப்பமிடுங்கள், அதுதான் உண்மை. ஓடிபி மட்டும் கேட்டால், அட்டையின் ஆறு பக்கங்களையும் படமெடுத்த பிறகு சொல்லுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி நம்மவர் கடை ரசீதுகளிலும் இருக்கிறதே! குறைக்குத் தாம் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தின்போதே நிபந்தனையிடுவது பற்றி ஹனஃபி அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளார்கள். பணம் செலுத்திய பிறகு பொடியெழுத்தில் கைக்கு வரும் வரி அதுவாகாது. அறிந்த குறையை மறைத்தவரை எந்த வரியும் காப்பாற்றாது. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: குறையுள்ள பொருளை, ரசீதில் உள்ள கெடுவுக்குள்ளும், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

கிரிக்கெட் தொடர் முடியும்வரை பார்த்துவிட்டு, இல்லாத குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவோரும், தம் பிள்ளை பந்தெறிந்து உடைத்ததை "வரும்போதே இப்படித்தான்" என்போரும் நம்மிடையே உண்டு. தானியக் குவியலின் ஈரத்தை மறைத்த வியாபாரிக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

இன்னொரு கையொப்பமும் இருக்கிறது. முதன்முதலாக இயக்கியதும் திரையில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் ஓடும். ரிமோட்டைப் பிடித்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை "அனைத்தையும் ஏற்கிறேன்" என்று அழுத்திவிடும். வீட்டில் என்ன பார்க்கப்படுகிறது என்பதைக் கண்காணிக்க அளிக்கும் ஒப்புதலும் அதற்குள் இருக்கலாம். விசியோ என்ற நிறுவனம் 1.1 கோடிப் பெட்டிகளின் வழியே, வீட்டார் ஒப்புதலே இன்றி அவர்கள் பார்த்தவற்றைச் சேகரித்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு, 2017இல் 22 லட்சம் டாலருக்குத் தீர்க்கப்பட்டது. ஆகவே அந்த ரிமோட் முதல் நாள் தந்தையிடமோ தாயிடமோ இருக்கட்டும். பார்வைத் தகவல், விளம்பரம் பற்றிய ஒப்புதல்களை மறுத்தாலும் படம் ஓடும். ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டதென்றால், அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதியைத் திறந்து இன்றைக்கே அவற்றை அணைத்துவிடலாம்.