ஞானப்பல் அறுவைக்கு நீண்டநேர மரப்பு ஊசி: எங்கள் நிலைப்பாடு

கனகம்மாசத்திரம், திருத்தணி வட்டாரத்தில் பல் மருத்துவம் பார்க்கும் நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. எலும்புக்குள் புதைந்த கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுத்து எடுக்கும்போது, உடல்நிலை இடம்கொடுக்கும் பெரியவர்களுக்கு பியூபிவகைன் என்னும் நீண்டநேர மரப்பு ஊசி கிடைக்க வேண்டும். நோயாளி கேட்கட்டும் என்று காத்திராமல் மருத்துவரே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வழக்கமாகப் போடுவது அட்ரினலின் கலந்த 2% லிக்னோகைன். 1943-இல் ஸ்வீடனில் உருவான நல்ல மருந்து. அறுவையை முடிக்க அது போதும். ஆனால் உதடும் தாடையும் மரத்திருப்பது 3 முதல் 5 மணி நேரம்தான். அறுவைக்குப் பிந்தைய வலி முதல் 12 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. மதியம் தையல் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர், மருந்துக்கடை அடைத்த பிறகு ஊரில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ராத்திரி வலி தவிர்க்கக்கூடியது. 0.5% பியூபிவகைன் போட்டால் மரப்பு 6 முதல் 8 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அது வேலைசெய்யத் தொடங்கச் சற்று நேரமாகும் என்பதால், லிக்னோகைனில் அறுவையைச் செய்து, முடிவில் இதைப் போடுவதே எங்கள் பரிந்துரை.

இந்த மருந்தின் ஆபத்தை நாங்கள் குறைத்துச் சொல்லமாட்டோம். ரத்தக்குழாய்க்குள் போனாலோ அளவு மீறினாலோ இதயத்தைத் தாக்கும். லிக்னோகைனைவிட மீட்பது கடினம். ஒரு பெரியவருக்கு ஒரே அமர்வில் 90 மில்லிகிராமே உச்சவரம்பு. எடை குறைந்தவருக்கு இன்னும் குறைவு. முன்பே போட்ட லிக்னோகைனையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஊசியைச் செலுத்துமுன் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது. ஆக்சிஜனும், நச்சுக்கு மாற்றாக ஏற்றும் 20% கொழுப்புக் கரைசலும் கைவசம் இல்லாத கிளினிக் இதைத் தொட வேண்டாம். முதுகுத்தண்டில் போடும் 'ஹெவி' வகை வாய்க்குரியதல்ல. ஆம்பூல் மேலுள்ள எழுத்தை இருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆடுகிற பல்லைப் பிடுங்க இது வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மரத்த உதட்டைக் கடித்துக்கொள்ளக்கூடியவர்களுக்கும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் போடலாம் என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். நாக்கும் உதடும் முழுக்க மரத்தவரைத் தனியாக ஊருக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. ஒரு நாளில் ஒரு பக்கம்தான்.

ஊசி மாத்திரைக்கு மாற்றல்ல. மரப்பு விலகுமுன்பே வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். ஆகவே அந்தத் தாள் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும்.

மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால் நரம்பில் காயமா என்று பார்க்க வேண்டும். அன்றே வரச்சொல்லுங்கள், அந்த வருகைக்கு எங்களில் யாரும் கட்டணம் வாங்கமாட்டோம்.