எல்லாம் ஒரே வரியா?

சித்தூர், 1953இல் ஆந்திராவோடு போன மாவட்டம். அங்குள்ள தமிழ் வீடுகளில் ஒரே வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அப்படி ஒரு குடும்பத்தைத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவில் பார்த்தேன். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த பையன், வெள்ளைப்புலியைக் கண்டதும் "தாத்தா, சாரல குர்ரம்!" என்று கத்தினான். தெலுங்கில் வரிக்குதிரைக்கு அதுதான் பெயர். "குர்ரம் இல்லடா, புலி" என்றார் தாத்தா. "வரி இருக்கே?" "வரி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் 'குவாகா' என்று வந்த விலங்கை, அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டு, 'வரிக்குதிரை' என்று எழுதித் தள்ளிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வரிக்குதிரைகளில் மூன்று இனங்கள். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் உள்ள கிரேவி வரிக்குதிரைக்கு நெருக்கமான, மெல்லிய கோடுகள், வயிறு வெள்ளை. மலை வரிக்குதிரைக்கு வாலுக்கு மேலே கம்பி வலை போன்ற குறுக்குக் கோடுகள். சமவெளி வரிக்குதிரைக்கு அகலமான கோடுகள். ஆப்பிரிக்காவின் தெற்கே போகப்போக அவை கால்களில் மங்கிவிடும். ஒரே மந்தையிலும் ஒன்றின் கோடு இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரே உடம்பின் இடப் பக்கமும் வலப் பக்கமும்கூட ஒத்துப்போகாது. நம் கைரேகை மாதிரிதான்.

குவாகா, சமவெளி வரிக்குதிரையின் தென்கோடிச் சொந்தம். தலையிலும் கழுத்திலும் கோடுகள்; பின்பாதி வெறும் பழுப்பு. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய வெள்ளையர்கள், தோலுக்காகவும் தங்கள் ஆடுகளின் புல்லுக்குப் போட்டியாக இருந்ததாலும் அதைச் சுட்டுத் தள்ளினார்கள். இன்னொரு கொடுமை, அங்கே பேச்சுவழக்கில் எல்லா வரிக்குதிரைகளையுமே 'குவாகா' என்றார்கள். அதனால் அசல் குவாகா குறைந்துகொண்டே வந்தது யார் கண்ணிலும் படவில்லை. 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் ஒரு பெண் குவாகா செத்தது. அதுதான் கடைசி என்பது பிறகுதான் உறைத்தது. நான் செய்த அதே தவறு, விலைதான் வேறு.

1987இல், அதாவது திருப்பதி பூங்கா தொடங்கிய அதே வருடத்தில், கோடு குறைந்த சமவெளி வரிக்குதிரைகளை இணைசேர்த்து குவாகாவை மீட்கும் முயற்சி தென்னாப்பிரிக்காவில் ஆரம்பமானது. குவாகா சாயலில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. சாயல்தான்.

நாமும் விலை கொடுத்துத்தான் பாடம் படித்தோம். நெடுங்காலம் காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணினோம். காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005இல் பார்த்தால், ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒன்றுகூட இல்லை. திருட்டு வேட்டைக்காரர்கள் முடித்திருந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் தானியங்கி கேமராக்களை வைத்துப் படமெடுத்து, உடம்பு வரியைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, இது வேறு அது வேறு என்று பிரித்து எண்ணுகிறார்கள். 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682. வரி வேறுபடுகிறது என்பதால்தான் இந்த எண்ணை நம்ப முடிகிறது.

பூங்காவில் இதற்குள் இரண்டாவது வெள்ளைப்புலியும் வெளியே வந்துவிட்டது. பையன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். "தாத்தா, இதுக்கு நெத்தியில இருக்கற கோடு அதுக்கு இல்ல."

தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"அவுன்ரா" என்றார்.