சீனிக்குக் கூலிச் சாட்சிகள்

உடல் பருப்பதற்குச் சோம்பலே காரணம், சீனி பாவம் அறியாதது என்றொரு வாதம் சில காலமாக உலகைச் சுற்றி வருகிறது. மலைச் சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறித்துக் கூடை சுமக்கும் நம் பெண்ணிடம் வந்து, "உனக்கு உடல் அசைவு போதாது" என்று இவர்கள் சொல்லத் துணிவார்களா?

வாதத்தின் பிறப்பிடத்தை அறிவோம். உடற்பயிற்சியையே ஓதிவந்த விஞ்ஞானிகள் குழுவொன்றுக்குக் கொக்கோ கோலா கம்பெனி பணம் கொடுத்தது 2015 இல் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் குழுவே கலைந்தது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வோ, இனிப்புப் பானமும் உடல் எடையும் பற்றிய மதிப்புரைகளைத் தரம் பிரித்துப் பார்த்தது. கம்பெனித் தொடர்பற்றவற்றில் ஆறுக்கு ஐந்து வீதம் சீனிப் பானத்தைக் குற்றவாளி என்றன. தொடர்புள்ளவற்றில் அதே ஆறுக்கு ஐந்து, சான்று போதாது என்றன! பணம் எப்பக்கம், முடிவும் அப்பக்கம்.

சான்று போதாதா? ஒல்லாந்தில் 641 சிறுவருக்கு நாள்தோறும் 250 மில்லிலீற்றர் பானம் கொடுத்தனர். பாதிப் பேருக்குச் சீனி சேர்ந்தது, மறுபாதிக்குச் சீனியற்றது. எவருக்கு எது என்று குடித்தோருக்கும் தெரியாது. 18 மாதங்களில் சீனி குடித்தோர் ஏறத்தாழ 7.4 கிலோ கூடினர், மற்றோர் 6.4 கிலோ. வளரும் பிள்ளை எடை கூடுவது இயல்பு. எஞ்சிய அந்த ஒரு கிலோ யார் தந்தது? முடிவு 2012 இல் வெளிவந்தது.

பருமனுக்குச் சீனிப் பானம் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. தோட்டத்துத் தேநீரில் நாமே அள்ளிப் போடும் சீனியையும் மறைக்கவில்லை.

இலங்கை அரசு 2016 இல் போத்தல்களுக்கு நிறக் குறியீடு கொணர்ந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. 2017 நவம்பரில் கிராமுக்கு 50 சதம் வரியும் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அவ்வரி தளர்த்தப்பட்டது. யாருக்காக?

மொனராகலைக் கரும்புச் செய்கையாளருக்காக என்று எவரேனும் சொல்வாராயின் நகைப்போம். பெல்வத்தையும் செவனகலையும் நம் மாவட்டத்தில் இருக்க, நாடு உண்ணும் சீனியில் பெரும்பகுதி கப்பலில் அன்றோ வந்திறங்குகிறது! கரும்பு உழவரைக் காக்க வேண்டுவது இறக்குமதித் தீர்வை. சோடாக் கம்பெனிக்குச் சலுகை அன்று.

2016 ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் வயதுக்கேற்ற உயரமற்றவர். முட்டைக்கும் பாலுக்கும் ஏங்கும் அப்பிள்ளையின் கையில் சிவப்புக் குறியிட்ட போத்தலைத் திணிப்பதா? சதக்கணக்கில் எழுதிய வரியை விலைவாசி தின்றுவிடும் என்பதை 2022 காட்டிற்று. ஆகவே விலைவாசியோடு வரியும் ஏற வேண்டும். அப்பணத்தில் ஒரு பங்கு தோட்டப் பாடசாலைகளின் மதிய உணவுக்கு வர வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதை எழுப்புவாரா என்று ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்களை நாம் கேட்கிறோம்.