டிகிரி கையில்... பிஎச்டி எட்டாக்கனியா? அமெரிக்காவில் மூளை அறிவியல் மாணவர்களுக்கு வந்த சிக்கல்

லேப் அனுபவம் இருந்தால்தான் பிஎச்டி சீட் கிடைக்கும். சீட் கிடைத்தால்தான் நல்ல லேப்பில் வேலை கற்றுக்கொள்ள முடியும். கோழி முதலா, முட்டை முதலா கதைதான்!

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அமெரிக்காவில் 'போஸ்ட்-பேக்' பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் 2025-ல் டிரம்ப் அரசு கைவைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று. நியூரோசயின்ஸ் எனப்படும் மூளை அறிவியல் படிக்க நினைப்பவர்களுக்கு இது ஏன் பெரிய அடி? விரிவாகப் பார்க்கலாம்.

போஸ்ட்-பேக் என்றால் என்ன?

கல்லூரி முடித்த கையோடு, பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு அல்லது இரண்டாண்டு எடுக்கும் பயிற்சி இது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். நிதியில் பல பல்கலைக்கழகங்களில் நடந்த 'பிரெப்' திட்டம் இதற்கு நல்ல உதாரணம்.

டிகிரி வாங்கி 3 ஆண்டுக்குள் இருந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும் இதில் சேர முடிந்தது. முக்கால்வாசி நேரம் லேப் வேலை. மீதி நேரத்தில் ஆய்வுக் கட்டுரை படிப்பது, விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது எனப் பயிற்சி. முக்கியமான விஷயம், இதற்கு மாதாமாதம் சம்பளமும் இருந்தது.

நியூரோசயின்ஸுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

இது ஒரே பாடத்தில் அடங்கும் துறை இல்லை. உயிரியல், உளவியல், இயற்பியல், கணிதம், கோடிங் எல்லாமே தேவை. உயிரியல் படித்தவருக்கு கோடிங் தெரியாது, கம்ப்யூட்டர் படித்தவருக்கு நியூரான் தெரியாது. யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பக்கம் இடைவெளி இருக்கும்.

இன்னொன்று, கைவேலை. ஒரே ஒரு நரம்பணுவின் மின்சாரத்தை அளக்கும் 'பேட்ச் கிளாம்ப்' முறையைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். வகுப்புக்கு நடுவே வாரம் நாலு மணி நேரம் லேப்புக்குப் போய் வந்தால் இதெல்லாம் கைவராது.

அமெரிக்காவில் எம்.எஸ்சி. இல்லாமலே நேரடியாக பிஎச்டி சேரலாம். அதனால் தேர்வுக் குழுவினர் மார்க்கோடு சேர்த்து, 'ஆய்வு செய்த அனுபவம் உண்டா, கூட வேலை பார்த்த பேராசிரியர் என்ன சொல்கிறார்' என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

2025-ல் என்ன நடந்தது?

பன்முகத்தன்மை சார்ந்த திட்டங்களை ஒழிக்கும் உத்தரவுகளை டிரம்ப் அரசு பிறப்பித்தது. பின்தங்கிய பின்னணி மாணவர்களை ஆராய்ச்சிக்குக் கொண்டுவரத் தொடங்கப்பட்ட 'பிரெப்' போன்ற திட்டங்கள் அதில் சிக்கின. பல பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்தின. என்.ஐ.எச். தன் வளாகத்தில் நடத்தும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் அந்த ஆண்டு ரத்தானது.

அடுத்த பக்கம் பிஎச்டி சீட்டுகளிலும் கை வைக்க வேண்டிய நிலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, பிஎச்டிக்குக் கொடுத்த அனுமதிக் கடிதங்களையே 2025 மார்ச்சில் திரும்பப் பெற்றது. தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆண்டுக்குச் சுமார் 2,000 பேருக்கு அறிவிக்கும் ஆய்வு உதவித்தொகை முதலில் 1,000 பேருக்கே அறிவிக்கப்பட்டது. பிறகுதான் 500 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

மூளை ஆராய்ச்சிக்கென ஒபாமா 2013-ல் அறிவித்த 'பிரெயின்' திட்டத்தின் நிதியும் 2023 நிதியாண்டில் 68 கோடி டாலராக இருந்து 2025-ல் 32.1 கோடியாகச் சுருங்கிவிட்டது. இதில் பெரிய சரிவு டிரம்ப் வருவதற்கு முன்பே, 2024-லேயே தொடங்கிவிட்டது.

யாருக்கு அடி?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சீட் குறைந்தால் போட்டி கூடும். போட்டி கூடினால் ஏற்கெனவே லேப் அனுபவம் உள்ளவர்தான் ஜெயிப்பார். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு லேப் பக்கத்திலேயே இருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு வருஷம் சம்பளமே வாங்காமல்கூட லேப்பில் வேலை பார்ப்பார்.

சின்னக் கல்லூரியில், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படித்தவர் என்ன செய்வார்? அவருக்கு இருந்த ஒரே வழி, சம்பளத்தோடு கிடைத்த அந்த ஒரு வருஷப் பயிற்சிதான். வாசலையும் குறுக்கிவிட்டு, ஏணியையும் எடுத்துவிட்டால் அவர் எப்படி உள்ளே போவது?

இதன் விளைவு இன்றைக்கே தெரியாது. அங்கே ஒரு பிஎச்டிக்கு 5, 6 ஆண்டுகள் ஆகும். அல்சைமர், பார்க்கின்சன் ஆய்வகங்களில் யார் இல்லாமல் போனார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

நம்ம ஊர் மாணவர்கள் என்ன செய்யலாம்?

என்.ஐ.எச். நிதியில் நடக்கும் போஸ்ட்-பேக் திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்கானவை. 'சீட் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் உஷார்!

இங்கேயே வழிகள் உண்டு. 3 தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் 2 மாத கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பர் வாக்கில் விண்ணப்பிக்கலாம். பெங்களூரு ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் நிறுவனங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கே ஒருங்கிணைந்த பிஎச்டி இருக்கிறது. 2020-ல் தொடங்கிய 'நியூரோமேட்ச் அகாடமி' ஜூலையில் 3 வாரம் ஆன்லைனில் பைத்தானோடு நியூரோசயின்ஸ் சொல்லித் தருகிறது.

எந்த நாடாக இருந்தாலும் விதி ஒன்றுதான். மார்க் ஷீட்டோடு சேர்த்து, 'இந்தக் கேள்விக்கு நான் விடை தேடினேன்' என்று சொல்ல ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். அதைச் செய்துபார்க்கும் வாய்ப்பை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் நாளைய விஞ்ஞானி யார் என்பது முடிவாகிறது.