அரிய வகை மரநாயாம்!

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு மரநாய் பிடிபட்டது. ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்ததை வலை போட்டு இழுத்து, சாக்கில் கட்டி, சிறுமலையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். அது மலையேறும் முன்பே தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறிவிட்டது. ‘அரிய வகை விலங்கு! வழி தவறி ஊருக்குள் புகுந்தது!’ கூடவே கைகூப்பும் பொம்மைகள் இருபது.

எது ஐயா அரிய வகை? திண்டுக்கல்லில் ராத்திரி கண் விழித்திருக்கும் வாட்ச்மேனைக் கேளுங்கள். கறுத்த முகம், முதுகில் மூன்று கோடு, கேபிள் வயர் மேல் சர்க்கஸ்காரியைப் போல நடை. சப்போட்டா, பப்பாளி, எலி, கள்ளுக் கலயம் எதையும் விட்டுவைக்காது. இந்தியா, இலங்கை தொடங்கி பிலிப்பைன்ஸ் வரை பரவிக் கிடக்கிறது. உலகச் சிவப்புப் பட்டியலிலேயே கவலைக்கிடமில்லாத பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஒன்பது மணிக்கு சீரியல் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டால் அது அரிய வகை ஆகிவிடுமா?

அரிது என்றால் நீலகிரி மார்ட்டன். மரநாய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது நீர்நாய்க் குடும்பம். கரும்பழுப்பு உடம்பு, கழுத்தில் மஞ்சள் அப்பியிருக்கும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு அறிவியல் பெயர் சூட்டினார். பகலில் நடமாடும் பிராணிதான், ஆனாலும் காட்டிலேயே கிடக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குக்கூட ஒரு நொடி காட்சி தந்துவிட்டு மறைந்துவிடும். அழிவை நோக்கிய பட்டியலில் இருக்கிறது. அதற்காக யாராவது ஒரு பொம்மை கைகூப்பியதுண்டா?

வழி தவறியதாம்! அந்தப் பரணிலேயே பிறந்திருக்கும். சிறுமலையில் எந்த மரத்தில் எப்போது பழுக்கும் என்று அதற்கு யார் சொன்னது? அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மரநாய்கள் இலை போட்டு விருந்து வைக்குமா? தாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனால், பரணில் குட்டி இருந்த சங்கதி நாற்றம் அடித்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும். 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் மரநாயையும் பாதுகாக்கிறது. கண்டவர்களும் வலை வீச அது கண்மாய் மீன் அல்ல.

அய்யலூர்ப் பக்கம் தேவாங்கு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். குழுவில் ஒரு வரி வரவில்லை; அன்றைக்குப் பிரியாணிக் கடை ஆஃபர் வந்தது. தேவாங்குக்கே இந்தக் கதி என்றால் நீலகிரி மார்ட்டனை யார் கேட்கப்போகிறார்கள்?

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களைச் சாய்த்தபோதும் இந்த ஜீவகாருண்யச் சீலர்கள் வாய் திறக்கவில்லை. பொந்து போனால் மரநாய் எங்கே படுக்கும்? உங்கள் ஓட்டுக்கு அடியில்தான். சத்தம் தாங்கவில்லை என்றால், குட்டி இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, இருட்டியபின் அது இரைக்குக் கிளம்பியதும் இடுக்கை அடையுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் கூலி, அவ்வளவுதான்.